கேட்டைக்கு மேலே ஒரு வெடிப்பு

ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுத்து நிறுத்தும் வல்லமை ஒரு விண்மீனுக்கு உண்டு என்று நம்புகிற நாட்டில் நாம் வாழ்கிறோம். அந்த விண்மீன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதன் நிறம் என்ன, இன்று மாலை எந்தத் திசையில் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தடுப்பவருக்கும் தெரியாது, தடுக்கப்பட்டவளின் பெற்றோருக்கும் தெரியாது. பெயர் மட்டும் தெரியும். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சில் நடுக்கம் மட்டும் தவறாமல் வரும்!

நான் விசைத்தறி வைத்துப் பிழைப்பவன். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையே ஒரு சிற்றூர். பாவும் ஊடையும், காடாத் துணியும் கூலிக் கணக்கும்தான் என் உலகம். கணக்கெழுதுபவள் என் அண்ணன் மகள்; கணிதத்தில் பட்டம் பெற்றவள். பிறந்த விண்மீன் கேட்டை. அந்தக் கேட்டை அவள் வாழ்வில் செய்ததாகச் சொல்லப்படுவதையும், அதே மாதங்களில் கேட்டைக்கு வடகிழக்கே, வானத்தில் சற்று உயரே, உண்மையாகவே நிகழ்ந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டு 8. நமக்கு அன்று ஆடி அமாவாசை. அன்றிரவு அயர்லாந்து நாட்டில் கீத் ஜியரி என்னும் வானியல் ஆர்வலர், பாம்பாட்டி எனப்படும் விண்மீன் கூட்டத்தில், வழக்கமாக வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி பளிச்சென்று ஒளிர்வதைக் கண்டார். ஆர். எஸ். ஓபியூச்சி என்பது அந்த விண்மீனின் பெயர். மறுநாளே செய்தி உலகெங்கும் பரவியது. எங்கள் ஊர்க் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது.

விண்மீன்களின் ஒளியைத் தரம் பிரித்து எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட ஒளி குறையும். முதல் தரம் ஒளிமிக்கது. ஆறாம் தரம் நல்ல இருளில் வெறுங்கண்ணுக்கு அரிதாய்த் தெரிவது. ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும். இரண்டரைத் தரம் என்றால் பத்து மடங்கு. ஆர். எஸ். ஓபியூச்சி உறங்கிக் கிடக்கும் காலத்தில் ஏறத்தாழப் பதினோராம் தரம். வெடித்து உச்சத்தைத் தொட்டபோது நான்கரைத் தரத்தை ஒட்டி நின்றது. முந்நூறு மடங்குக்கும் மேலான ஏற்றம், ஓரிரு நாளுக்குள்!

ஆடிக் காற்றை எங்கள் பக்கத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, மேகங்களை எங்கள் தலைக்குமேல் ஓட்டிக்கொண்டு போகும். மழையை மட்டும் தராது. 9-ஆம் நாள் மாலை முழுதும் மேகம். 10-ஆம் நாள் இரவு எட்டரை மணிக்கு வானம் கிழிந்து வழிவிட்டது. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் எங்கள் பழைய பைனாகுலரைக் காற்றில் ஆடாமல் பிடித்து, முதலில் அவள் பார்த்தாள். பிறகு நான் பார்த்தேன். தெற்கே தாழ்வில் கேட்டை சிவந்து நின்றது. அதிலிருந்து வடகிழக்காக ஏறினால், நியூ ஓபியூச்சி என்னும் விண்மீன், 3.3 தரம். அதன் அக்கம்பக்கத்தில் 4.6, 4.8 தரத்தில் இரண்டு. அவற்றுக்கிடையே, படத்தில் வெற்றிடமாக இருந்த இடத்தில், புதிதாக ஒன்று!

ஒளியை அளப்பது எப்படி? கருவி வேண்டியதில்லை. இரண்டு காடாத் துண்டுகளை மேசையில் வைத்து, மூன்றாவது துண்டின் வெளுப்பு எதற்கு அருகில் என்று நம் தறிக்காரர் கண்ணாலேயே சொல்லுவார் அல்லவா? அதே வேலைதான். தரம் தெரிந்த இரண்டு விண்மீன்கள், ஒன்று கூடுதல் ஒளி, ஒன்று குறைவு; நடுவே நம் விண்மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பத்தில் ஒரு பங்குவரை எண் கொடுப்பது. பழகிய கண்ணுக்கு ஒன்றிரண்டு பத்திற்கொரு பங்குதான் வேறுபாடு வரும். தரம் குறித்த வான்படங்களை 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் கழகம் கேட்டவர்க்கெல்லாம் தருகிறது. அன்று அவள் எழுதிய எண் 4.9. பக்கத்தில் நாள், மணி, வானத்தின் நிலை. கூலிக் கணக்கு நோட்டின் பின்பக்கம் வானத்துக்கு ஒதுக்கப்பட்டது.

12-ஆம் நாள் 5.6. 14-ஆம் நாள் 6.0. இடைநாள்களில் "மேகம்" என்று மட்டும் எழுதினாள். 16-ஆம் நாள், ஆடியின் கடைசி நாள், நிலவு கேட்டைக்கு அருகிலேயே வந்து நின்று வானத்தை வெளுக்கச் செய்தது. அன்று அவள் கண்ட எண் 6.9. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. 20-இல் 7.0. அந்த மாத இறுதியில் எட்டைத் தாண்டிவிட்டது.

இவற்றை வரைபடத்தாளில் குறித்தபோது, முதலில் கிணற்றுச் சரிவைப் போல வேகமாக இறங்கிப் பிறகு மெல்லச் சாயும் வளைவாக வந்தது. அவள் தாளை மாற்றினாள். நாள்களை அப்படியே குறிக்காமல், அவற்றின் மடக்கையைக் குறித்தாள். ஒன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, பத்துக்கும் நூறுக்கும் இடையே அதே தூரம். வளைவு நிமிர்ந்து ஏறத்தாழ நேர்கோடாயிற்று! வெடித்து எத்தனை நாள் என்பது பத்து மடங்கானால், ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிறது என்று அந்தக் கோடு சொன்னது. ஒரு சிற்றூர் மாடியிலிருந்து, பழைய பைனாகுலரால், பல ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் நடக்கும் ஒன்றின் நடையைக் கணித்துவிட்டோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

16-ஆம் நாள் புள்ளி மட்டும் கோட்டுக்கு வெளியே அரைத்தரம் தள்ளி நின்றது. கல்லூரியில் படிக்கும் என் மகன், "அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடு அக்கா, கோடு அழகாக வரும்" என்றான். "நான் பார்த்தது அதுதான், கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அது போதும்" என்றாள் அவள். இந்தச் சிறு பேச்சை நினைவில் வையுங்கள்.

அது ஏன் வெடிக்கிறது? அது ஒரு விண்மீன் அன்று, இணை. ஒன்று செம்பெரு விண்மீன், ஊதிப் பருத்துத் தன் வளியை வெளியே வீசிக்கொண்டிருப்பது. மற்றொன்று வெண்குறு விண்மீன்; உருவில் நம் நிலவுலகைப் போன்றது, எடையில் கதிரவனையும் மிஞ்சுவது. ஏறத்தாழ 454 நாளுக்கு ஒருமுறை இவை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெரியதன் வளியைச் சிறியது இழுத்துத் தன்மேல் சேர்க்கிறது. சேர்ந்த ஐதரசன் அழுத்தமும் வெப்பமும் மிக, ஒருநாள் அணுக்கருப் பிணைப்பில் பற்றிக்கொள்கிறது. மேற்பரப்பு முழுதும் வெடித்துச் சிதறுகிறது. உள்ளே விண்மீன் சிதையாமல் நிற்கிறது. மறுபடியும் சேர்க்கத் தொடங்குகிறது!

பெரும்பாலான நோவாக்களில் சிதறிய வளி வெற்றுவெளியில் ஓடும். இங்கோ அது செம்பெரு விண்மீன் ஏற்கெனவே வீசி நிரப்பியிருக்கும் வளிக்குள் புகுகிறது. வெற்றுச் சாலையில் ஓடும் வண்டிக்கும், சந்தைக் கூட்டத்தில் புகுந்த வண்டிக்கும் உள்ள வேறுபாடு. வினாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் மோதும் அதிர்வலை, சுற்றியுள்ள வளியைப் பத்து இலட்சம் பாகைக்கும் மேலாகக் கொதிக்க வைக்கிறது. வளியின் சுமை கூடக்கூடத் தானும் வேகம் தளர்கிறது. இதுதான் இந்த வெடிப்பின் தனித்தன்மை.

இதைக் கண்டறிந்ததில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு. சவ்வாது மலையில் காவலூர் என்றோர் ஊர். அங்கே 1972-இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, 1985 வெடிப்பின்போது ஜி. சி. அனுபமாவும் டி. பி. பிரபுவும் இந்த விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பதிந்து ஆராய்ந்தார்கள். முழுக் கதிரவ மறைப்பின்போது தெரியும் ஒளிமகுடத்தில் காணப்படும் வரிகள் இதிலும் தோன்றின, அத்தனை வெப்பம்! 2006 வெடிப்பின்போது இராசத்தானத்து அபு மலையிலிருந்து, அகச்சிவப்பு ஒளியில் அந்த வரிகளின் அகலம் நாளுக்கு நாள் சுருங்குவதை அளந்தார்கள். அதிர்வலை தளர்வது எண்ணாகவே கைக்கு வந்தது. பூனாவுக்கு அருகிலுள்ள பெரும் வானொலித் தொலைநோக்கி அதன் வானொலி அலையைக் கேட்டது. நாங்கள் மாடியில் நின்ற 2021-இல், நமீபியாவிலும் கானரித் தீவிலும் உள்ள கருவிகள், ஒரு நோவாவிலிருந்து மிக உயர் ஆற்றல் காமாக் கதிர் வருவதை முதன்முதலாகப் பதிந்தன.

எண்கள் இப்படிச் சேர்ந்தால்தான் கணக்கு மாதிரி எழும். வெண்குறு விண்மீனுக்கு எவ்வளவு எடை வைத்தால், எவ்வளவு வளி சேர்ந்தால், இவ்வளவு விரைவில் மங்கும் என்று கணக்கிடுகிறார்கள். விரைந்து மங்குவதும் அடிக்கடி வெடிப்பதும் எடை மிகுதியைக் காட்டும். வெண்குறு விண்மீனின் எடைக்கு மேல்வரம்பு ஒன்று உண்டு, கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது இளைஞர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், சந்திரசேகர் பயணத்தின்போதே இந்தக் கணக்கைத் தொடங்கியதை நாமறிவோம். 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆர். எஸ். ஓபியூச்சியின் வெண்குறு விண்மீன் அந்த வரம்புக்கு மிக அருகில் இருப்பதாகவே கணக்குகள் காட்டுகின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் இழப்பது கூடுதலா, மிச்சம் பிடிப்பது கூடுதலா? மிச்சம் கூடுதலானால், என்றேனும் ஒருநாள் வரம்பைத் தொட்டு விண்மீன் முழுவதும் சிதறும். வழக்கு இன்னும் தீரவில்லை.

முந்திய வெடிப்புகளின் பதிவுகளை அந்தக் கழகத்தின் ஏட்டிலிருந்து எடுத்து எங்கள் தாளின்மேல் வைத்துப் பார்த்தோம். 1985, 2006. ஒரே சால் பிடித்து உழுததுபோல ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன! அந்தப் பதிவுகளை எழுதியோர் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்றோர்தாம். வங்கத்து யசோரில், கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் எழுத்தர் ஒருவர் இருந்தார்: இராதா கோவிந்த சந்திரா. பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவர். 1918-இல் கழுகுக் கூட்டத்தில் தோன்றிய நோவாவைத் தாமாகவே கண்டவர். அமெரிக்கக் கழகம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. 1954 வரை முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளி அளவுகளை அவர் எழுதி அனுப்பினார். அந்தத் தொலைநோக்கி பின்னர் வானியலறிஞர் வைணு பாப்புவின் கைக்கு வந்தது. கடைசியில் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே காவலூர்! தேர்வில் தேறாத ஒருவரின் கண், கல்விக்கூடங்களின் ஏட்டில் நிலைத்து நிற்கிறது. நான் காவலூருக்குப் போனால் பெரிய தொலைநோக்கிக்கு முன் அதைத்தான் தேடுவேன்.

இனி, வீட்டு வானம். ஆவணி பிறந்ததும் தரகர் வந்தார். நல்ல இடம்; திருப்பூரில் பின்னலாடைத் தொழில்; பிள்ளை நல்லவன். ஆனால் பிள்ளைக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். கேட்டையில் பிறந்தவள் மூத்த மைத்துனனுக்கு ஆகாதாம்! மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு, ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு, விசாகத்தில் பிறந்தவள் இளைய மைத்துனனுக்கு. இப்படி வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெண்ணைப் பகையாக்கி வைத்திருக்கிறார்கள். எந்த விண்மீனில் பிறந்த ஆணாவது மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் தரகர் சொல்லிக் கேட்டதுண்டா? இல்லை. விண்மீன்களுக்குக்கூட ஆண் பெண் வேறுபாடு தெரிகிறது போலும்!

கேட்டை ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கும் அப்பாலிருக்கும் செம்பெரும் விண்மீன்; கதிரவன் இருக்குமிடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். அவள் பிறந்த இரவில் அது காட்டிய ஒளி, நாயக்கராட்சி மதுரைக்கு வருமுன்னே அங்கிருந்து புறப்பட்டது. கோவையில் ஒரு வீட்டில் மூத்த மைத்துனன் இருக்கிறானா என்று விசாரித்துக்கொண்டா அது புறப்பட்டிருக்கும்?

தரகர் அனுபவசாலி. "கேட்டை தொடங்கி நாற்பது நிமிடம் கழித்துத்தானே பிறந்திருக்கிறாள்? ஒரு மணி நேரம் முன்னே தள்ளி எழுதினால் அனுசம் ஆகிவிடும். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி, "அப்படியே எழுதிவிடலாமுங்க" என்றார். அவர்களைக் குறை சொல்லேன். இரண்டு இடம் ஏற்கெனவே கைநழுவியிருந்தது. பெற்றவர் மனம் பதறும். ஊரில் பாதிச் சாதகங்கள் இப்படித் திருத்தியவைதாம் என்று தரகரே சிரித்துக்கொண்டு சொன்னார். சாதகத்தை நம்புகிறவர்களே அதைத் திருத்துகிறார்கள். திருத்தியதை நம்பி மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள்!

அவள் உள்ளேயிருந்து வந்தாள். "மருத்துவமனைச் சீட்டில் இருக்கிற மணிதானுங்க நான் பிறந்த மணி. அதை மாற்றி எழுத மாட்டேன். எனக்குக் கேட்டையில் நம்பிக்கை இல்லை. அதற்காகப் பொய் மணியிலும் கையெழுத்துப் போட மாட்டேன். பொருத்தம் பார்க்கிற வீடே வேண்டாம்" என்றாள். தரகர் காப்பியை முழுதும் குடிக்காமலே எழுந்து போனார். அண்ணி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வீட்டில் சோறு வெந்தது; பேச்சு வேகவில்லை. அந்த இரண்டு இரவிலும் அவள் மாடிக்கு வந்தாள், எண் எழுதினாள், இறங்கிப் போனாள்.

சோதிடருக்கும் வானியலாருக்கும் என்ன வேறுபாடு என்று இளந்தோழர்கள் கேட்பதுண்டு. ஒருவர் பொய், மற்றவர் மெய் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது நிறைவளிப்பதில்லை. இந்த விண்மீனையே பாருங்கள். அது வெடித்ததாகப் பதிவான ஆண்டுகள்: 1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021. இடைவெளி 35, 25, 9, 18, 21, 15. ஒழுங்கு ஏதும் தெரிகிறதா? கதிரவனுக்குப் பின்னே மறைந்திருந்தபோது வெடித்து யாரும் காணாமற்போனதும் இருக்கலாம். வெடித்தபின் எப்படி மங்கும் என்பதை நாள்கணக்கில் சொல்லும் வானியலார், அடுத்து எப்போது வெடிக்கும் என்று கேட்டால், "நாளைக் குறிக்க இயலாது" என்கிறார்கள். எண்களைத் திறந்து வைக்கிறார்கள், எவரும் சரிபார்க்கலாம், எங்கள் மாடியிலிருந்தும் சரிபார்க்கலாம். சோதிடரோ எல்லா நாளையும் குறிப்பார். ஒன்றையும் சரிபார்க்க விடமாட்டார். அவர் ஏட்டில் கேள்விக்குறி என்ற எழுத்தே கிடையாது.

2023-இல் அவளுக்குத் திருமணம் நடந்தது. சாதகம் கேட்காத வீடு, அவிநாசிப் பக்கம், பள்ளி ஆசிரியர். 1967-இல் வந்த சட்டத் திருத்தம் செல்லும் என்றாக்கிய சுயமரியாதைத் திருமணம். தாலியும் இல்லை, தட்சிணையும் இல்லை. மாலை மாற்றிக் கொண்டார்கள். அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்; அழுதாரா சிரித்தாரா என்று எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு அண்ணன் உண்டு. அவர் நலமாகத்தான் இருக்கிறார். தைப்பொங்கலுக்கு வந்து எங்கள் வீட்டுக் கரும்பை ஒடித்துத் தின்றுவிட்டுப் போனார். பார்த்தீர்களா, சோதிடம் பொய்த்தது என்று நான் இதைத் தூக்கிக் காட்டினால், அவள் என்னைக் கடிந்துகொள்வாள். ஒரு புள்ளியை வைத்துக் கோடு போடக் கூடாது அல்லவா? ஆனால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு புள்ளியே போதும்.

2021 செப்டம்பர் கடைசியில் அந்த விண்மீன் ஒன்பதாம் தரத்தை நெருங்கி எங்கள் பைனாகுலரின் எல்லையைத் தொட்டது. அதன்பின் பெரிய கருவி உடையோர் அதைத் தொடர்ந்தனர். நவம்பர் இறுதியில் கதிரவனே பாம்பாட்டிக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஆம், ஆண்டுதோறும் அங்கே ஏறத்தாழ 18 நாள் தங்குகிறது. பன்னிரண்டு இராசியில் மட்டும் பாம்பாட்டிக்கு இடமில்லை!

இதைப் படிக்கும் இளைஞர்களில் யாரேனும் தொடங்க விரும்பினால், வடக்கு மகுடம் என்னும் கூட்டத்தில் டி. கொரோனே பொரியாலிசு என்றோர் இணை உண்டு. 1866-இல் வெடித்தது, 1946-இல் மறுபடியும் வெடித்தது. உறங்கும்போது பத்தாம் தரம். விழித்தபோது இரண்டாம் தரம். சித்திரை, வைகாசி மாலைகளில் கிழக்கே எழும்பும். அதற்கான ஒப்பீட்டுப் படத்தையும் கழகம் தருகிறது. உறுப்பினராகாமலே எண்களை அனுப்பலாம். அண்ணன் மகள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது நோட்டை எனக்கு விட்டுச் சென்றாள்; பைனாகுலரைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிட்டாள்.